ஆறாவது கேன்

ஜனவரி 4

தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி மூன்று நாள் சும்மா கிடந்தது. இவர் இன்று விடியற்காலை இருமுடி கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் பேச ஆளில்லை, எழுதுகிறேன்.

இவர் என்றால் பூபதி, என் வீட்டுக்காரர். எங்கள் ஊர்ப் பால் சங்கத்திலிருந்து டவுனில் இருக்கும் குளிர்விப்பு நிலையத்துக்குக் கேன்களைக் கொண்டுபோகும் வண்டி இவருடையது. திங்கட்கிழமை திரும்பும் வரை கந்தசாமி அண்ணன் தன் வண்டியில் கொண்டுபோகிறார். நான் அதே சங்கத்தில் டெஸ்டர். பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. ஊற்ற வருகிறவர்களின் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதி, ரசீது கிழித்துக் கொடுக்க வேண்டும். "மூணாங்கிளாஸ் படிச்சவளே போதும் இதுக்கு" என்று செயலாளர் நாச்சிமுத்து மாமா என் முகத்துக்கு நேரே சொல்லுவார். இவருக்குச் சித்தப்பா முறை. வேலையை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்பதை வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

சங்கத்தில் காலையில் மட்டும்தான் கொள்முதல். இன்று ஆறு கேன், ஒவ்வொன்றும் நாற்பது லிட்டர். எப்போதும் போல ஆறாவது கேனில் கடைசியாக விழுந்தது மயிலாத்தாக்காவின் நாலு லிட்டர். காலனிக்காரர்கள் கடைசியில் நிற்க வேண்டும் என்று சங்கத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அவர்கள்தான் கடைசியில் நிற்கிறார்கள். நானும் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அக்காவின் பால் முப்பது காட்டியது. ஊரில் மற்றவர்கள் பாலும் ஏறக்குறைய அதே முப்பதுதான்; தண்ணீர் கலந்தால் எண் இறங்கும்.

ஜனவரி 8

இவர் வந்துவிட்டார். கால் வீங்கியிருக்கிறது. மகள் இதழினி அரவணைப் பாயசத்தைக் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டு, சோறு வேண்டாம் என்றாள்.

"ஒரு நாளு ஓய்வெடுத்துட்டுப் போங்க. கந்தசாமி அண்ணன் ஓட்டட்டும்" என்றேன்.

"வேண்டாம் வேண்டாம். நாளைக்கே நான் எடுத்துக்கறேன். அவனுக்கு இந்த ரூட்டு பழகிறக் கூடாது."

உழைப்பாளி. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 11

துவைத்தேன். சிலிண்டர் வந்தது. இவர் பைபாஸ் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் கொண்டுவந்தார். மலைக்குப் போவதற்கு முன்னாலும் வாரத்தில் மூன்று நாள் இதே பன்தான். பேக்கரிக்காரர் காசே வாங்குவதில்லையாம். இந்தக் காலத்தில் அப்படியும் ஒரு மனிதர்.

ஜனவரி 12

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக விழுகிறது. விழட்டும்.

குளிர்விப்பு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. டிசம்பரிலிருந்து பல நாட்கள் எங்கள் சங்கத்தின் ஆறாவது கேனில் தண்ணீர் இருந்திருக்கிறது. இனி ஒருமுறை வந்தால் முழு லோடையும் திருப்பி அனுப்புவார்களாம். நாச்சிமுத்து மாமா அதை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார்.

"ஆறாவது கேன்ல கடைசியா ஊத்தறது யாரு?"

"மயிலாத்தாக்காங்க மாமா. ஆனா அந்தக் கேன்ல ஒம்பது பேரு பால் விழுகுதுங்க."

"மத்த எட்டு பேரும் நம்ம ஆளுங்க" என்றார்.

விசாரணை அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாக்பீஸை எடுத்து, கொள்முதல் விவரம் எழுதும் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'தண்ணீர் கலந்த காரணத்தால் மயிலாத்தாள் பால் நிறுத்தம்.'

"மாமா, தினமும் நான்தானுங்க டெஸ்ட் பண்றேன். அவிங்க பால் முப்பதுக்குக் கொறஞ்சதே இல்லீங்க. நோட்டப் பாருங்க."

"அந்தக் கண்ணாடிக் குச்சிய ஏமாத்தறதுக்கு ஊருல ஆயிரம் வழி இருக்குது. மாவக் கரைப்பாங்க, சக்கரையப் போடுவாங்க. நீ சின்னப் புள்ள அம்மிணி, உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதாம்! என் நோட்டு பொய், என் கண் பொய், அவருடைய 'நம்ம ஆளுங்க' மட்டும் மெய்.

இவரிடம் சொல்லிப் பொருமினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "பெரியவிய விசயத்துல நீ தலையிடாத" என்று மட்டும் சொன்னார். இவர் கோபப்படாதது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

ஜனவரி 13

மயிலாத்தாக்கா பால் நிறைந்த தூக்குப்போசியோடு வரிசையில் கடைசியாக நின்றிருந்தார். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பெயரைப் படித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"டெஸ்ட்டரம்மா, தெனமும் நீங்கதான குச்சிய உட்டுப் பாக்கறீங்? ஒரு நாளாச்சும் கொறஞ்சுதுங்களா?"

"இல்லீங்க்கா."

"அத அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க."

"சொன்னதுக்கு அப்பறமும் என்ற பேரு அங்கயே இருக்குதே?"

உள்ளேயிருந்து நாச்சிமுத்து மாமா வந்தார். "ஏ மயிலா, இங்க நின்னு சத்தம் போடாத. கேசு குடுக்காம உட்டனேன்னு நெனச்சுக்க."

"பால் எடுக்காட்டிப் போங்க சாமி. அத எங்கியோ ஊத்திக்கறேன். என்ற பேர அழிச்சுப்போடுங்க."

அழிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனுஷியை "ஏ மயிலா" என்கிறார். நான் பலகை துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துணி என் கையில்தான் இருந்தது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். ஊரில் எல்லா மாட்டுக்கும் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை. காலனிப் பக்கம் போகும் வழியில் மயிலாத்தாக்காவின் மாட்டைப் பார்த்தேன். அதுவும் குளித்து மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. தினமும் எட்டு லிட்டர் கறக்கிறது, காலை நாலு, மாலை நாலு. பக்கத்து ஊர்ச் சங்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். செய்தி அவருக்கு முன்னால் போயிருக்கிறது. மாலைப் பாலை வாங்கிக்கொண்டிருந்த டீக்கடையும் வேண்டாம் என்றுவிட்டது.

இவர் சர்க்கரைப் பொங்கல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 18

நாச்சிமுத்து மாமா முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா அம்மிணி? அவள நிறுத்துன மறுநாள்ல இருந்து தண்ணி நின்னு போச்சு. சென்டர்ல இருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நின்றது உண்மைதான். பலகையில் பெயர் ஏறிய நாளிலிருந்து கேன் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கடிதம் வந்த சேதி ஊருக்கே தெரியும். தண்ணீர் ஊற்றியவன் எவனாக இருந்தாலும் அன்றோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் புத்தி இருக்காதா? இதைச் சொன்னால், "நீ படிச்சவ, பேசுவ" என்கிறார்.

சனிக்கிழமை டவுனுக்குப் போகப் போகிறேன். குளிர்விப்பு நிலையத்தில் கேன் கேனாக எடை போட்டுச் சீட்டு எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

ஜனவரி 20

இவருடைய வண்டியில் போகவில்லை. பஸ்ஸில் போனேன். ஏனென்று கேட்டதற்கு, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தேன்.

நிலையத்தில் ரெஜினா மேடம் என்று ஒருவர். முதலில் தர மாட்டேன் என்றார். "சங்கத்துக்குக் குடுத்த சீட்டோட நகல்தானுங்க மேடம், எங்க செயலாளர் அதப் பரண்ல போட்டுட்டாருங்க" என்றேன். மூன்று வாரச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ள விட்டார். மகராசி.

வீட்டுக்கு வந்து, இதழினியின் கோடு போட்ட நோட்டில் உட்கார்ந்து போட்டேன்.

நாங்கள் லிட்டரில் அளக்கிறோம், அவர்கள் கிலோவில் நிறுக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோ முப்பது கிராம். லாக்டோமீட்டர் காட்டும் முப்பது இதுதான். அப்படியானால் நாற்பது லிட்டர் நல்ல பால் 41.20 கிலோ இருக்க வேண்டும். ஜனவரி மூன்றாம் தேதிச் சீட்டில் முதல் ஐந்து கேனும் அப்படியே இருக்கின்றன. ஆறாவது கேன் மட்டும் 41.02.

பால் x லிட்டர், தண்ணீர் y லிட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

x + y = 40
1.03x + y = 41.02

இரண்டு தெரியாதவை, இரண்டு சமன்பாடு. கல்லூரியில்கூட வேண்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. ஒன்றைக் கழித்து நீக்கிவிடலாம். ஆனால் எனக்கு எப்போதும் பிரதியிடும் முறைதான் கை வரும். முதல் சமன்பாட்டிலிருந்து y என்பது 40 – x. தண்ணீர் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், நாற்பதில் பால் போக மிச்சம் அதுதான் என்று தெரியுமே. அதைக் கொண்டுபோய் இரண்டாவதில் y இருக்கும் இடத்தில் உட்கார வைத்தேன்.

1.03x + 40 – x = 41.02
0.03x = 1.02
x = 34

பால் முப்பத்துநாலு லிட்டர். ஆகவே தண்ணீர் ஆறு. திரும்ப இரண்டிலும் போட்டுப் பார்த்தேன்: 34-ம் 6-ம் 40. முப்பத்துநாலு லிட்டர் பாலின் எடை 35.02, அதோடு ஆறு, 41.02. சரி.

ஆறு லிட்டர்!

மயிலாத்தாக்கா ஊற்றுவதே நாலு லிட்டர்தான். அந்தப் போசியில் சொட்டுப் பால்கூட இல்லாமல் முழுக்க முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியிருந்தாலும் நாலுதான் சேரும். மிச்சம் இரண்டு லிட்டரை அவர் வாயிலிருந்தா துப்பினார்? மாவும் சர்க்கரையும் கரைத்திருந்தால் எடை இப்படி இறங்கியே இருக்காது. இது வெறும் தண்ணீர், நாலு லிட்டர் போசிக்குள் அடங்காத தண்ணீர்.

எட்டு நாளாக ஒரு மனுஷியின் பெயரைப் பலகையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதைப் போட எனக்கு அரைப் பக்கம் ஆனது.

ஜனவரி 21

மற்ற நாட்களையும் போட்டேன். ஜனவரி 9: 41.05, தண்ணீர் ஐந்து லிட்டர். ஜனவரி 11: 40.99, ஏழு. டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று நாள், ஆறு ஆறாக.

ஜனவரி 4 முதல் 8 வரை ஆறாவது கேன் 41.20, 41.19, 41.20, 41.20, 41.20. தண்ணீர் இல்லை. மயிலாத்தாக்கா அந்த ஐந்து நாளும் ஊற்றியிருக்கிறார்.

அந்த நாட்களில் பனி அதிகம். குளிரில் பால் கொஞ்சம் கனக்கும். அதனால் இருக்கலாம்.

கோதுமை ரவை தீர்ந்துவிட்டது. இவருடைய சட்டை இரண்டு பொத்தான் தைக்க வேண்டும்.

ஜனவரி 22

நாச்சிமுத்து மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். "எக்ஸு, ஒய்யெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார். சரி என்று, எழுத்தை விட்டுவிட்டு வாயால் சொன்னேன். நாலு லிட்டர் போசி, ஆறு லிட்டர் தண்ணீர். அது அவருக்கு உடனே புரிந்தது. அந்த ஆள் முட்டாள் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"செரி அம்மிணி. இங்க ஊத்தலீன்னே வெச்சுக்குவோம். கேன மூடறது நீ. அங்க எடை போடறது அவிங்க. நடுவுல பதினாலு கிலோமீட்டர் இருக்குது. அதுல கேனுகூட இருக்கறது யாரு?"

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க மாமா?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல கண்ணு. நீதான் கணக்குப் போட்டுட்டு வந்த. நான் கேக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "வண்டிக் கடனுக்கு நான் ஜாமீன். உனக்கு வேலை குடுத்தவன் நான். அவ பால் நின்னது நின்னதாவே இருக்கட்டும். ஒரு மாடு, நாலு லிட்டரு. யாருக்கு என்ன நட்டம்? உன்ற வூடும் நல்லா இருக்கோணும்ல?"

என்ன திமிர்! தன் தப்பை மூடுவதற்கு என் குடும்பத்தை இழுக்கிறார். மாலை போட்டு, விரதம் இருந்து, நடந்து மலையேறிவிட்டு வந்த மனிதர் மேல் சேற்றை வாரி இறைக்கிறார். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 23

தலைவலி. எதுவும் எழுதவில்லை.

ஜனவரி 25

தைப்பூசம். முருகன் கோவிலில் கூட்டம். இவர் பன் கொண்டுவந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இதழினி கேட்டதற்கு, "பேக்கரிக்காரன் இப்பக் குடுக்கறதில்ல கண்ணு" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 27

காலனி வழியாக வரும்போது மயிலாத்தாக்கா தென்னை மரத்தடியில் குனிந்து நின்றார். போசியிலிருந்து பாலை மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மெதுவாக, நிதானமாக, உரம் வைப்பது போல. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"கறக்காட்டி மடி கட்டிக்குதுங், டெஸ்ட்டரம்மா. கன்னுக்குட்டி குடிச்சது போக மிச்சம் இது. அக்கம்பக்கத்துல சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்கறாங்க, எங்க சனமே. தண்ணிப்பாலுன்னு சிரிக்குதுங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எதுக்குங் நிக்கறீங்? போங்க. நேரமாச்சுல்லீங்."

ஜனவரி 28

இன்று ஒரு தாளை நீட்டினார் நாச்சிமுத்து மாமா. புதன்கிழமை உறுப்பினர் கூட்டம். நாலாவது தீர்மானம், மயிலாத்தாளை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவது. அதற்கு டெஸ்டரின் சான்று வேண்டும்: 'மேற்படியார் ஊற்றிய பாலில் தண்ணீர் கலந்திருப்பதை நான் பரிசோதித்து அறிந்தேன்.' கீழே என் பெயர், தட்டச்சு செய்து தயாராக இருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் கோடு.

பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் சொன்னார். இப்போது பொய்யும் எழுதச் சொல்கிறார். அதுவும் பரிசோதித்து அறிந்தேனாம்!

தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருபத்தொன்றாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். குளிரில் பால் கனக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் தேதியும் பதினொன்றாம் தேதியும் பனி பெய்யவில்லையா? முதல் வகுப்பில் தேறியவள் எழுதியது இது.

ஜனவரி 29

மத்தியானம் இவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். இதழினி பள்ளிக்கூடத்தில். நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏனுங்க, ஆறாவது கேன் கதவோரம்தான வெக்கறீங்க?"

"ஆமா. கடைசியா ஏத்தறது கதவோரந்தான இருக்கும்."

"பைபாஸ் பேக்கரிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு லிட்டருங்க?"

ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் அதை மூடவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க. கணக்குச் சொல்லுது. நீங்க மலைக்குப் போன அஞ்சு நாளும் தண்ணி இல்ல. நீங்க வந்த மறுநாளு அஞ்சு லிட்டரு."

"ஒரு கேன்ல அஞ்சாறு லிட்டரு எடுத்து அவனுக்கு ஊத்துனேன் சுகுணா. அதுல எவன் செத்தான்? எல்லா ரூட்டுலயும் நடக்கறதுதான். டீசல் விக்கற விலைக்கு, சங்கம் குடுக்கறத வெச்சு வண்டி ஓட்ட முடியுமா? நிறுத்திட்டேன்ல. கடிதாசி வந்த அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"மயிலாத்தாக்கா பேரு பலகைல இருக்குதுங்க."

"அவ பேருக்கு என்ன இப்ப? நாலு நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க."

இதைத்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றியதைக்கூட எங்கேயாவது வைத்துப் பார்த்துவிடலாம். இரண்டு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, நான் அந்த மனுஷிக்காகப் பொருமுவதைக் கேட்டுக்கொண்டு, 'பெரியவிய விசயத்துல தலையிடாத' என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

"மூணாந்தேதி ஆறு லிட்டருங்க" என்றேன். "அன்னைக்கு உங்க கழுத்துல மாலை இருந்துதுங்க."

கையில் இருந்த துணியை வாளியில் எறிந்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து, "கூட்டத்துல ஏதாச்சும் வாயத் தொறந்தீன்னா நம்ம பொழப்புப் போயிரும், நெனச்சுக்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகச் சொன்னார். அதற்காக ஒரு பாட்டம் அழுதேன். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை.

ஜனவரி 31

கூட்டம் பதினொரு மணிக்கு. சங்கத்து முற்றத்தில் எழுபது பேர் இருக்கும். பால்வளத் துறையிலிருந்து விரிவாக்க அலுவலர் ஒருவர் வந்திருந்தார். மயிலாத்தாக்கா நாற்காலியில் உட்காரவில்லை, சுவரோரம் நின்றார். இவர் வெளியே வண்டியில் சாய்ந்து நின்றார். முதல் மூன்று தீர்மானம் கைதட்டலில் போனது. நாலாவதை வாசித்துவிட்டு நாச்சிமுத்து மாமா என்னிடம் கை நீட்டினார். "சான்று குடு அம்மிணி."

"கையெழுத்துப் போடலீங்க மாமா."

எழுந்துபோய்ப் பலகையைத் துடைத்தேன். பத்தொன்பது நாள் ஊறிய சாக்பீஸ், இரண்டு முறை அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. அதே இடத்தில் இரண்டு சமன்பாட்டையும் எழுதினேன். முன்வரிசையில் யாரோ, "பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டாங்கடா" என்றார்கள். சிரித்தார்கள்.

"சிரிங்க" என்றேன். "இது மூணாந்தேதி ஆறாவது கேன். நாப்பது லிட்டரு நல்ல பாலுன்னா நாப்பத்தொண்ணே கால் கிலோவுக்கு அம்பது கிராம் கொறைவா நிக்கோணும். அதவிட நூத்தியெம்பது கிராம் கொறைஞ்சிருக்குது. பாலுக்குப் பதிலாத் தண்ணி உக்காந்தா ஒவ்வொரு லிட்டருக்கும் முப்பது கிராம் கொறையும். நூத்தியெம்பதுல எத்தனை முப்பது?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஆறு" என்றது.

"ஆறு லிட்டரு தண்ணி. மயிலாத்தாக்கா போசி நாலு லிட்டரு. நாலு லிட்டரு போசில ஆறு லிட்டரு புடிக்குங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அலுவலர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து, உதடு அசைய ஒரு முறை போட்டுப் பார்த்தார். "கணக்கு சரிதான்" என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்ப எங்கம்மா கலந்தது?"

நாச்சிமுத்து மாமா என்னையே பார்த்தார். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார்.

"வண்டிலீங்க சார். நாலாந்தேதில இருந்து எட்டு வரைக்கும் தண்ணி இல்லீங்க. அந்த நாளு ஓட்டுனது கந்தசாமி அண்ணன். மத்த நாளு ஓட்டுனது என்ற வீட்டுக்காரருங்க. செயலாளருக்கு இது இருவத்திரண்டாந்தேதியே தெரியும்."

முற்றத்தில் ஒரே கூச்சல். யார் யாரைத் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

பிப்ரவரி 2

இவர் வண்டியை எடுத்துக்கொண்டு அவங்கம்மா ஊருக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. ரூட்டைக் கந்தசாமி அண்ணனுக்கு மாற்றிவிட்டார்கள். கேனுக்குக் கம்பி சீல் வரப்போகிறதாம். பேக்கரிக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாராம். நாச்சிமுத்து மாமா செயலாளராகவே இருக்கிறார். 'விசாரணையில் ஏற்பட்ட சிறு தவறு' என்று எழுதிக் கொடுத்தாராம், ஏற்றுக்கொண்டார்களாம். ஒரு மனுஷியை மூன்று வாரம் திருடி என்று எழுதி வைத்தது சிறு தவறு! எனக்கு மட்டும் மாசக் கடைசியோடு வேலை இல்லை என்று ஜாடையாகச் சொல்லியாயிற்று. சொல்லட்டும். எழுத்தில் கொடுக்கட்டும், அதையும் பார்க்கிறேன்.

இன்று காலை ஐந்தரைக்கு நான் கதவைத் திறக்கும்போதே மயிலாத்தாக்கா வாசலில் நின்றார். வேறு யாரும் இன்னும் வரவில்லை. நல்ல வார்த்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதற்கு மறைப்பது, எதிர்பார்த்தேன்.

"டெஸ்ட்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கணக்க எந்தத் தேதில போட்டீங்?"

"இருவதாந்தேதிங்க்கா."

"நான் இல்லீன்னு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க்கா."

"கூட்டம் முப்பத்தொண்ணு." விரலை மடக்கி எண்ணினார். "பதினொரு நாளுங். ரெண்டு வேளை. இருவத்திரண்டு தடவை என்ற பால நானே மண்ணுல ஊத்துனேன். அதுல ஒரு தடவை நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்."

நான் எழுதி வைத்திருக்கும் நியாயங்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. இவர், இதழினி, வேலை, மாமா. எதையும் சொல்லவில்லை. தப்புதான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

"ஊத்திக்கறீங்களா, போகட்டுங்களா?" என்றார்.

வாங்கி, மிதக்கவிட்டுப் பார்த்து, முதல் கேனில் ஊற்றினேன். ரசீது எழுதித் தலை நிமிர்வதற்குள் வெறும் போசியோடு பாதி தூரம் போய்விட்டார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. ரசீது என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் நானே காலனிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அங்கே அவர் வீட்டு வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, அந்தத் தப்பையும் சொல்லிவிட்டு வர வேண்டும்.